லேட்டன்சியை விடுங்கோ, வயரிங்கைப் பாருங்கோ

இந்த வார எபிசோடில் அவசரமாகச் சொல்லிப்போட்டு விட்ட ஒரு விஷயத்தை இங்கே விரிவாக எழுதுறன். லினக்ஸில் ஆடியோ சர்வரை மாத்துறதெண்டால் வேகத்துக்காக மாத்தாதீங்கோ. எந்தச் சத்தம் எங்கே போகவேணும் எண்டதை நீங்களே தீர்மானிக்கிறதுக்காக மாத்துங்கோ.

முந்தி இது பெரிய தலையிடி. அன்றாடப் பாவனைக்கு பல்ஸ்ஆடியோ, ஸ்டூடியோ வேலைக்கு ஜாக். ரெண்டும் ஒரே சவுண்ட் கார்டுக்கு அடிபடும். விம் டேமன்ஸ் ரெட் ஹாட்டில் உருவாக்கிய பைப்வயர் ரெண்டின்ர வேலையையும் செய்யுது. ஃபெடோரா 34 (2021), உபுண்டு 22.10 (2022) முதல் டீஃபால்ட் அதுதான். பெரும்பாலும் உங்கட கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும். ஜாக் புரோகிராம்களுக்கான அதன் பேக்கேஜை மட்டும் சேர்த்தால் போதும்.

ஜாக்கின் மூல யோசனை எளிமையானது: எந்தப் புரோகிராமின் சத்தத்தையும் எந்தப் புரோகிராமுக்கும் அனுப்பலாம். எங்கட சென் லோரன் வீதியில் இருக்கிற எஸ்ஏடி கலைக்கூடம் வெளியிட்ட சாட்டி என்ற முப்பரிமாண ஒலி மென்பொருள் சூப்பர்கொலைடரில் ஓடுது. சூப்பர்கொலைடர் லினக்ஸில் ஜாக் வழியாகத்தான் சத்தத்தை வெளியே விடும்.

எங்களுக்கு அவ்வளவு வேண்டாம், ரெண்டு வயர் காணும். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அப்பம்மாவோட பிரவுசரில் கதைக்கிறீங்கள் எண்டு வைங்கோ. கியூபிடபிள்யூகிராஃபைத் திறந்து, உங்கட மைக்கை ஆர்டரில் முதல் டிராக்குக்கும், பிரவுசரின் சத்தத்தை ரெண்டாவது டிராக்குக்கும் இழுத்து விடுங்கோ. ஹெட்போன் கட்டாயம்; இல்லாட்டி அவவின்ர குரல் உங்கட மைக்கிலும் ஏறும். இப்ப அவ ஊர்ப்பெயர் ஒண்டைச் சொல்லேக்க நீங்கள் குறுக்கே "ஓம், ஓம்" எண்டால், உங்கட டிராக்கை மட்டும் குறைக்கலாம். ஒரே ஃபைலில் கலந்த ரெண்டு குரலைப் பிறகு சுத்தமாகப் பிரிக்கிறது கஷ்டம்.

பஃபரை 64க்கு இறக்கச் சொல்லி ஆக்கள் சொல்லுவினம். 48,000 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் எண்டால் சுமார் 21 மில்லிசெகண்ட், 64 எண்டால் 1.3. கிட்டார் வாசிக்கிற ஆளுக்கு அது பெரிய வித்தியாசம். கடல் தாண்டி வாற அழைப்பில் அந்த 20 மில்லிசெகண்டை மிச்சம் பிடிச்சு ஒரு பலனும் இல்லை. பஃபர் சின்னதானால் பிராசசர் அடிக்கடி ஓடவேணும். ஒருக்கால் பிந்தினாலும் குரலில் 'டிக்' எண்டு வெட்டு விழும். 1024லேயே விடுங்கோ.

முதலில் மச்சான் ஒருத்தனோட பத்து நிமிஷம் டெஸ்ட் பண்ணுங்கோ. பிறகு, பதியலாமோ எண்டு அப்பம்மாட்டக் கேட்டுப்போட்டு, இந்த மாசமே எடுங்கோ.