எண்பதும் அறுபதும் நூறு!

மோதல் கணக்கு என்றாலே நம்மில் பலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. மோதும் முன் உள்ள உந்தமும் மோதிய பின் உள்ள உந்தமும் சமம் என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும்! சென்ற பருவத் தேர்வில் வழுக்கி விழும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

வினாடிக்கு 100 செ.மீ. வேகத்தில் வரும் கேரம் காய் ஒன்று, அசையாதிருக்கும் சம நிறையுள்ள காயின் மேல் சாய்வாக மோதுகிறது. 37 பாகை விலகி 80 செ.மீ. வேகத்தில் செல்கிறது. மற்ற காயின் வேகம் என்ன? நூறில் எண்பதைக் கழித்து இருபது என்று எழுதிவிட்டேன். விடை அறுபது, திசை மறுபுறம் 53 பாகை.

"எண்பதும் அறுபதும் நூற்று நாற்பதல்லவா? விதி பொய்யா?" என்று விடுதியில் வாதாடினேன். அறை நண்பன் பதில் பேசாமல் இரண்டு அம்புக்குறிகளை வரைந்தான். எண்பதின் முன்னோக்கிய கூறு 64, அறுபதின் கூறு 36, கூட்டினால் 100. பக்கவாட்டில் இப்புறம் 48, அப்புறம் 48; ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. உந்தம் திசையன் என்பதை முதலாண்டிலேயே மனப்பாடம் செய்தவன் நான்!

நேர்கோட்டு மோதலை முதலில் நடத்துவதுதான் இந்த மயக்கத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. அங்கே திசை வெறும் கூட்டல், கழித்தல் குறியாகச் சுருங்கிவிடுகிறது. சாய்வு மோதலைப் படம் வரைந்து முதலில் நடத்தட்டும். அதையும் கரும்பலகையோடு நிறுத்தாமல் கேரம் பலகையில் காட்டட்டும்.

உராய்வு கெடுத்துவிடும் என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். மோதும் அந்தக் கணத்தில் உராய்வால் பெரிதாக எதையும் மாற்ற முடியாது. ஒரு ஞாயிறன்று பலகையில் பவுடரைத் தாராளமாகத் தூவி, காயால் காயை அடித்தோம். பவுடரில் விழுந்த தடங்களைப் பாகைமானியால் அளந்தோம். ஆற்றல் இழப்பே இல்லையெனில் இரு தடங்களுக்கும் இடையே சரியாக 90 பாகை இருக்கவேண்டும். எங்களுக்கு நான்கைந்து பாகை குறைவாகவே வந்தது. காதில் விழுந்த 'டக்' ஒலியும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

ஸ்டிரைக்கரின் கதை வேறு. அது சுமார் 15 கிராம், காய் சுமார் 5 கிராம். அசையாத காயின் மேல் எப்படி மோதினாலும் அது 20 பாகைகூட விலகாது. நேராக மோதினாலோ பாதி வேகத்தோடு காயின் பின்னாலேயே ஓடும். காயோடு சேர்ந்து குழியில் விழுந்து நமக்கு அபராதம் வாங்கித் தருவதும் அதனால்தான்.

விளையாட்டுத் துறை அறையில் பழைய பலகை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதை இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு மாற்றித் தந்தால் போதும். பவுடருக்கு நாங்களே காசு போடுகிறோம்.