நம் மண்ணுக்கேற்ற பசும்பாய்

தோட்டத் தரையைப் பாய் விரித்தாற்போல் மூடி மணம் வீசும் 'தைம்' என்னும் படர்செடியை வளர்க்க நம்மவருட் சிலர் ஆவல் கொள்கின்றனர். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த அச்செடிக்கு ஐரோப்பா தாயகம். குளிர்ந்த காற்றும், நல்ல வெயிலும், நீர் தங்காத நிலமும் அதற்கு வேண்டும். நீலகிரி போன்ற மலைப்புறங்களில் அது வளரும். வெப்பமும் ஈரமும் ஒருங்கே கூடுமிடத்தில் வேரழுகி மடியும்.

உத்திரமேரூர்ப் பக்கத்தின் இயல்போ வேறு. கோடையில் வெப்பம் 40 பாகையை எட்டுவதுண்டு. ஐப்பசி கார்த்திகையிலோ மழை பொழிந்து காற்றும் ஈரமாய் நிற்கும். இங்கு அச்செடியை நட்டுப் பொருளிழத்தல் தகாது என்பது எமது கருத்து.

அவ்வாறாயின் தரையை மூடுவது எது? ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நாம் மிதித்துச் செல்லும் பொடுதலையே. அது கணுத்தோறும் வேரூன்றிப் படரும். மழைநீர் தேங்கினும் அழுகாது. வேர் ஆழப் பாய்ந்தபின் வறட்சியையும் தாங்கும். சிறு பூக்களால் தேனீக்களை அழைக்கும். தலைப்பொடுகுக்கு அதனை எண்ணெயிற் காய்ச்சுதல் நம் முன்னோர் வழக்கம். படரும் வேகம் மிகுதியாதலின் பாத்திக்குள் புகாதவாறு அவ்வப்போது வெட்டி நிறுத்துதல் வேண்டும்; அஃதொன்றே அதன் குறை.

ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் அமைத்தமையை முதற் பராந்தகன் காலத்து (919, 921) கல்வெட்டுகளில் பொறித்து வைத்த ஊர் இது. நிலத்தின் இயல்பறிந்து நடுதல் இவ்வூரார்க்குப் புதிதன்று. மாணவ நண்பர்காள்! களையென்று கொத்தி எறியுமுன், பொடுதலையின் கணுத்தண்டு ஒன்றை வீட்டு முற்றத்தில் ஊன்றிப் பார்ப்பீராக.