ஆபரேஷன் ஆராய்ச்சியில் நோயாளி கேள்விக்கு இடம் உண்டா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்கள் கேட்க வேண்டியது என்ன?

அம்பத்தூர்:

"சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க. அப்போ புடிச்ச இடுப்பு வலி, இன்னும் விடல." அம்பத்தூர் எஸ்டேட் கார்மென்ட்ஸ் கம்பெனியானாலும் சரி, ஆவடி மார்க்கெட்டானாலும் சரி, பெண்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடும்.

உண்மையிலேயே ஊசிதான் காரணமா? ஆராய்ச்சிதான் பதில் சொல்லணும். ஆனால் எதை ஆராய்ச்சி செய்வது என்று முடிவு பண்றது யார்? பெரும்பாலும் டாக்டர்களும் மருந்து கம்பெனிகளும்தான். கத்திக்கு உடம்பைக் கொடுக்கிற நோயாளியை யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தார்கள்

இங்கிலாந்தில் கேட்டுப் பார்த்தார்கள். ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்ற அமைப்பும் அந்நாட்டு மயக்கவியல் டாக்டர்களும் சேர்ந்து, "மயக்க மருந்து, ஆபரேஷன் பற்றி உங்களுக்கு விடை தெரியாத கேள்வி என்ன?" என்று நோயாளிகள், குடும்பத்தார், நர்சுகள், டாக்டர்கள் எல்லோரிடமும் கேட்டனர். 1,420 யோசனைகள் குவிந்தன. அதைச் சுருக்கி 92 கேள்விகளாக்கி ஓட்டுக்கு விட்டனர். கடைசியில் நோயாளிகளும் டாக்டர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து 10 கேள்விகளைத் தேர்வு செய்தனர். 2015-ல் பட்டியல் வெளியானது.

மயக்க மருந்தால் பல வருஷம் கழித்து பாதிப்பு வருமா? குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தொடுமா? ஆபரேஷனுக்குப் பிறகு விடாமல் இருக்கும் வலியை எப்படிக் குறைப்பது? வயதானவர்கள் சீக்கிரம் தேற என்ன வழி? பட்டியலில் இருந்தவை இந்த மாதிரிக் கேள்விகள்தான். நம்ம வீட்டுத் திண்ணையில் பேசுற அதே கேள்விகள்.

100-ல் 45 சிசேரியன்

இங்கே இதற்கு அவசியம் அதிகம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இதில் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துத்தான் செய்கிறார்கள்.

ஊசிக்குப் பிறகு சிலருக்குக் கடும் தலைவலி வரும். எழுந்து உட்கார்ந்தால் அதிகமாகும், படுத்தால் குறையும். இது நிஜம். தண்டுவட நீர் கசிவதால் வருவது. உடனே டாக்டரிடம் சொல்லணும், வைத்தியம் இருக்கு. ஆனால் வருஷக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு ஊசிதான் காரணம் என்று இதுவரை நடந்த ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை.

சரி, அப்போ வலி எதனால்? 8 மணி நேரம் மெஷினில் குனிந்து உட்காரும் பெண், ஆபரேஷன் முடிந்து எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? லேத், பிரஸ் மெஷினில் கை மாட்டியவர் மறுபடி எப்போது மெஷின் பிடிக்கலாம்? இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. இ.எஸ்.ஐ. தகுதி உள்ளவருக்கு உடம்பு முடியாத நாட்களுக்கு 70 சதவீத சம்பளம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இ.எஸ்.ஐ. இல்லாத தினக்கூலிக்கு லீவு போட்டால் அன்னிக்குச் சம்பளம் பூஜ்யம்தான்.

கையுறை மாத்தினாலே...

சாதாரணக் கேள்விக்குக்கூட பெரிய பலன் உண்டு. வயிற்று ஆபரேஷனில் தையல் போடும் முன் கையுறையையும் கருவிகளையும் புதுசாக மாற்றினால் காயத்தில் சீழ் பிடிப்பது குறையுமா என்று இந்தியா உள்பட 7 நாடுகளில் 13,301 நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது. 2022-ல் முடிவு வந்தது. 100-ல் 19 பேருக்கு வந்த தொற்று 16 ஆகக் குறைந்தது. சீழ் பிடித்தால் எத்தனை நாள் கூலி போகும், எத்தனை முறை பஸ் ஏறி கட்டு மாத்தப் போகணும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

நம்ம ஊரில் என்ன செய்யலாம்?

வழி பக்கத்திலேயே இருக்கு. மயக்கவியல், அறுவை சிகிச்சை மேல்படிப்பு படிக்கும் ஒவ்வொரு டாக்டரும் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். இந்தப் பகுதி மக்கள் நம்பிப் போகும் கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இதே விதிதான். ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத பொது ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் அவர் கைக்கு வரும்போது தலைப்பு முடிவாகி இருக்கும்.

தலைப்பு முடிவாகும் முன்பே மக்களைக் கேட்டால் என்ன? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் ஒரு கேள்விப் பெட்டி வைக்கலாம். எழுதத் தெரியாதவர் சொன்னால் நர்ஸ் எழுதிக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர்களும் நோயாளிகளும் உட்கார்ந்து 10 கேள்விகளை எடுக்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அதுவரை மக்களும் வாய் திறக்கணும். எந்த மயக்கம், ஏன், எத்தனை நாள் வலி இருக்கும், எப்போது வேலைக்குப் போகலாம் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்க. ஆய்வுக்குக் கையெழுத்து கேட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்க. மறுத்தாலும் சிகிச்சை நிற்கக் கூடாது, அது உங்க உரிமை.

கேள்விப் பெட்டிக்கு முதல் அடியை சுகாதாரத்துறை எடுத்து வைக்குமா?