விசையில் ஒன்று, திரையில் வேறு

கொச்சி தோப்பும்படியில் உள்ள பழைய துறைமுகப் பாலத்தின் நடுப்பகுதி, கப்பல்களுக்கு வழிவிட்டு மேலே உயர்வதற்காகக் கட்டப்பட்டது. இப்போது அது உயர்வதில்லை. காரணம் தெரியாதவர்களுக்கு அந்த அமைப்பு ஒரு புதிர்தான். பழைய கம்ப்யூட்டர்களின் கீபோர்டிலும் இப்படிக் காரணம் மறந்துபோன புதிர்கள் உண்டு.

1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கியபோது, சுமார் 250 பள்ளிகளைத் தேடி வந்தது பிபிசி மைக்ரோ. பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981-ல் வெளியிட்ட கம்ப்யூட்டர் அது. பல மாணவர்கள் 'பேசிக்' மொழியை முதன்முதலாகத் தட்டிப் பார்த்தது அதில்தான். அந்த இயந்திரங்கள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன. ஆனால் அச்சு அசலாக அவற்றைப் போலவே நடந்துகொள்ளும் சாஃப்ட்வேர் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. திரையில் அதே எழுத்துகள், அதே 'பீப்' ஒலி. சிக்கல் விரல் நுனியில் ஆரம்பிக்கிறது.

இந்தியாவில் இன்று புழங்கும் கீபோர்டில் ஷிஃப்டுடன் 2-ஐ அழுத்தினால் @ வரும். பிபிசியில் வருவதோ இரட்டை மேற்கோள் குறி. 8-ஐ அழுத்தினால் நட்சத்திரக் குறிக்குப் பதில் அடைப்புக்குறி. இயந்திரத்துக்கு நேரடியாக இடும் கட்டளைகள் நட்சத்திரக் குறியில்தான் தொடங்க வேண்டும். அதுவோ கோலன் விசையில் ஒளிந்திருக்கிறது. பழைய பாடப் புத்தகத்தைப் பார்த்துத் தட்டுகிறவருக்குக் கிடைப்பது பிழைச் செய்திதான்.

இது கோளாறு அல்ல, கணக்கு. 'ஆஸ்கி' முறையில் 2-ன் எண் 50, மேற்கோள் குறியின் எண் 34. 8-க்கு 56, அடைப்புக்குறிக்கு 40. கோலனுக்கு 58, நட்சத்திரத்துக்கு 42. எல்லாவற்றிலும் வித்தியாசம் 16. அதாவது ஒரே ஒரு 'பிட்'. ஷிஃப்ட் அந்த பிட்டை மாற்றினால் போதும் என்ற பழைய சிக்கன முறையின் மிச்சம் இது. ஐபிஎம் தன் எலெக்ட்ரிக் டைப்ரைட்டரின் வரிசையைப் பின்பற்றியது. சந்தையில் ஜெயித்தது அதுதான்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு இரண்டு வழிகள். விசையில் அச்சிட்டிருக்கும் குறியையே திரைக்கு அனுப்பலாம். தட்டச்சு சுலபமாகும், ஆனால் விளையாட்டு கெடும். பிபிசி விளையாட்டுகள் பலவற்றில் இடம், வலம் போக இசட், எக்ஸ். மேலே போக கோலன். அந்த நாளில் கோலனுக்கு ஒரு விரல் போதும். இன்றோ ஷிஃப்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மாறாக, விசை இருக்கும் இடத்தைக் கணக்கில் எடுத்தால் விளையாட்டு பிழைக்கும். ஆனால் அச்சிட்டிருப்பது ஒன்று, வருவது வேறு.

அதனால் பாடம் படிக்க முதல் வழி, விளையாட இரண்டாம் வழி என்று தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வதே நடைமுறை. பழைய புரோகிராம்களைப் பாதுகாக்கிறவர்கள், அந்தக் கீபோர்டின் படம் ஒன்றையும் கூடவே வைப்பது நல்லது. என்ன தட்ட வேண்டும் என்று புரோகிராம் சொல்லும். எங்கே தட்ட வேண்டும் என்று சொல்லாது.