டெக் டிப்ஸ்: போட்டோ எங்கும் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது!

லேப்டாப்பில் ‘நியூ ஃபோல்டர்’, ‘நியூ ஃபோல்டர் 2’ என்று சிதறிக் கிடக்கும் குடும்ப போட்டோக்களை ஒருநாள் உட்கார்ந்து ஒழுங்குபடுத்துகிறீர்கள். ‘அக்கா கல்யாணம்’, ‘பாப்பா முதல் பிறந்தநாள்’ என்று ஃபோல்டர் போட்டு, 40 ஜி.பி. போட்டோ, வீடியோக்களை இடம் மாற்றியாயிற்று. புதிதாக எதையும் சேர்க்கவில்லை, அழிக்கவும் இல்லை. ஆனால், எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் ஓடவிட்டால், 40 ஜி.பி.யும் மறுபடி காப்பி ஆகிறது. ஏன்?

லேப்டாப்பில் இருப்பதை அச்சு அசலாக இன்னொரு டிஸ்க்கிலும் வைப்பதுதான் ‘மிரர்’ பேக்கப். இந்த வேலையைச் செய்யும் பல சாஃப்ட்வேர்கள், கதவு எண்ணை மட்டுமே பார்க்கும் தபால்காரர் மாதிரி. பழைய ஃபோல்டரில் போட்டோ இல்லையா? ‘அழித்துவிட்டார்கள்.’ புது ஃபோல்டரில் இருக்கிறதா? ‘புதிதாக வந்திருக்கிறது.’ அதே ஆள்தான் தெரு மாறிப் போயிருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. 1996-ல் வெளிவந்து இன்றும் உலகம் முழுக்கப் பயன்படும் ‘ஆர்சிங்க்’கூட வழக்கமாக இப்படித்தான் நடந்துகொள்ளும்.

நேரம் மட்டுமா வீண்?

10 எம்.பி.பி.எஸ். அப்லோடு வேகத்தில் 40 ஜி.பி.யை கிளவுடுக்கு அனுப்ப சுமார் 9 மணி நேரம் ஆகும். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. சாஃப்ட்வேர் பழைய காப்பியை முதலில் அழித்துவிட்டு, பிறகு புதிதாக எழுதுகிறது என்று வையுங்கள். நடுவில் கரன்ட் போனால், அந்த நேரத்தில் கல்யாண போட்டோக்கள் லேப்டாப்பில் மட்டுமே இருக்கும். அதுவும் மக்கர் செய்தால்?

அடையாளம் காண்பது எப்படி?

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஃபைலின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு ‘ஹாஷ்’ என்ற கைரேகையை எடுப்பது. பெயரோ இடமோ மாறினாலும் கைரேகை மாறாது. ‘ஆர்குளோன்’ சாஃப்ட்வேரில் இந்த வசதி உண்டு. இரண்டாவது, ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க் கொடுத்திருக்கும் அடையாள எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது. இலவசமாகக் கிடைக்கும் ‘ஃப்ரீஃபைல்சிங்க்’ இப்படிச் செய்கிறது. இடம் மாறியது தெரிந்துவிட்டால், பேக்கப் டிஸ்க்கிலும் ஃபைலை நகர்த்தினால் போதும். சில நொடி வேலை!

நீங்கள் செய்ய வேண்டியது

1. ஒழுங்குபடுத்தும் முன்பே ஒருமுறை பேக்கப் எடுங்கள். அடையாள எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேருக்குப் பழைய நிலவரம் தெரிந்திருக்க வேண்டும். அதனால் முதல் முறை இந்த வசதி வேலை செய்யாது. இரண்டாவது முறையிலிருந்துதான் செய்யும்.

2. ‘காப்பி’ செய்து பழையதை அழிக்காதீர்கள். ‘கட் - பேஸ்ட்’ செய்யுங்கள். காப்பி செய்தால் புது அடையாள எண் வந்துவிடும். சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றினாலும் அப்படித்தான்.

3. ‘மிரர்’ பேக்கப்பில், இடம் மாறிய ஃபைல்களைக் கண்டறியும் ஆப்ஷன் ‘ஆன்’ ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள்.

4. ‘ஃபேட்’ முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ்களில் சில மாற்றங்கள் பிடிபடாது.

5. ஸ்டார்ட் பட்டனை அழுத்தும் முன், எத்தனை ஃபைல்கள் அழியப் போகின்றன என்று திரையில் காட்டும் எண்ணைப் படியுங்கள். நீங்கள் எதையுமே அழிக்காதபோது அங்கே ஆயிரக்கணக்கில் காட்டினால், அவசரப்படாமல் நிறுத்திப் பாருங்கள். அந்த ஒரு நிமிட நிதானம்தான் உங்கள் ஆல்பத்துக்குக் காவல்!