ஸீமென்ஸும் ஒரு சைக்கிள் விளக்கும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, மஞ்சக்குட்டைப் பக்கம் காற்றும் மழையும் கைகோத்துக்கொண்டு அடித்ததில், சில்வர் ஓக் மரம் ஒன்று மின்சாரக் கம்பியின்மேல் சாய்ந்துவிட்டது. ஊர் இரண்டு நாள் இருட்டில் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் நம் வகுப்புப் பையன் ஒருவன் பழைய சைக்கிள் டைனமோ ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். காப்பித் தோட்டத்தில் பழத்தின் தோலை நீக்கும் யந்திரத்தைப் பழுது பார்ப்பவருடைய மகன் அவன். தகர டப்பாவை வெட்டிச் சக்கரம் செய்து, அதை ஓடைத் தண்ணீரில் சுழலவிட்டு, அந்த டைனமோவினால் ஒரு சிறு விளக்கை எரித்துவிட்டானாம்.

"சார், உள்ளே இருக்கிற காந்தத்தைப் பெரிசாக வைத்தால் வீடு முழுக்க விளக்கு எரியுமா?" என்று கேட்டான்.

"இதெல்லாம் பரீட்சைக்கு வராது, பையில் வை" என்றோம். வைத்துவிட்டான். அன்றுமுதல் அவன் நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் நமக்கு உறைத்தது, அது சாமானியமான கேள்வி அல்ல என்று. 1866-ஆம் வருஷம் வரையில் ஐரோப்பாவின் யந்திர நிபுணர்களை வாட்டி எடுத்த கேள்வி அது. அதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் வெர்னர் ஸீமென்ஸ் என்ற ஜெர்மானியர். அவருடைய கதையை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பாதி பிராயச்சித்தமாகச் சொல்கிறோம் என்று வைத்துக்கொண்டாலும் சரியே.

ஸீமென்ஸ் 1816-இல் ஹானோவர் நகருக்கு அருகே லெந்தே என்ற கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் குத்தகை விவசாயி. வீட்டில் பதினான்கு குழந்தைகள். சர்வகலாசாலையில் படிக்க வைக்கப் பணம் ஏது? ஆகவே பையன் பிரஷ்ய ராணுவத்தில் சேர்ந்தான். யுத்தம் செய்யும் ஆசையினால் அல்ல. பீரங்கிப் படையில் சேர்ந்தால் பெர்லினில் கணிதமும் பௌதிகமும் ரஸாயனமும் சர்க்கார் செலவில் கற்கலாம் என்பதனால்தான்.

1842-இல் ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டு அதிகாரிகளுக்குள் நடந்த துவந்த யுத்தத்தில் துணை நின்ற குற்றத்துக்காக ஸீமென்ஸுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. மாக்டெபுர்க் கோட்டையில் அடைத்தார்கள். மனிதர் சும்மா இருந்தாரா? சிறை அறையையே பரிசோதனைச் சாலையாக்கிக்கொண்டு, மின்சாரத்தால் உலோகத்துக்குத் தங்க முலாம் பூசும் முறையில் வெற்றி கண்டார். இதற்குள் அரசரின் மன்னிப்பு வந்து சேர்ந்தது. சோதனை பாதியில் நிற்கிறதே, இன்னும் சில நாள் உள்ளேயே இருக்க அநுமதிக்க வேண்டும் என்று விண்ணப்பித்துக்கொண்ட கைதி அவர் ஒருவராகத்தான் இருப்பார்!

பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துக் காலமாகிவிட்டபடியால், தம்பி தங்கைகளின் பாரமும் அவர் தலையில் விழுந்திருந்தது. தந்திக் கருவி ஒன்றைச் சீர்திருத்தி அமைக்க யோசனை தோன்றியது. ஆனால் யோசனை கருவியாக வேண்டுமானால் நல்ல தொழிலாளி ஒருவன் வேண்டுமே? ஹால்ஸ்கே என்ற கைதேர்ந்த கம்மியரைத் தேடிப் பிடித்தார். 1847-இல், ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் கொடுத்த கடனைக் கொண்டு, பெர்லினில் ஒரு வீட்டின் பின்கட்டில் இருவரும் பட்டறை போட்டார்கள். சித்தாந்தம் ஒருவருடையது, அரமும் திருகாணியும் மற்றவருடையவை. பட்டறைப் பெயரிலோ இருவரும் சமம்: 'ஸீமென்ஸ் அண்டு ஹால்ஸ்கே.' இந்தச் சமத்துவத்தில்தான் முழு ரகசியமும் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

மலேயாக் காட்டு மரப்பாலான கட்டாபார்ச்சாவை இணைப்புத் தெரியாமல் கம்பியின்மேல் போர்த்த ஒரு யந்திரம் செய்தார்கள். பூமிக்கடியில் தந்தி ஓடியது. பிறகு ஸீமென்ஸ் சகோதரர்கள் லண்டனிலிருந்து பெர்லின், ஒடெஸ்ஸா வழியாகத் தெஹ்ரான் வரையில் தந்தி மார்க்கம் அமைத்தார்கள். அங்கிருந்து முன்னமே இருந்த கம்பி இந்தியா வந்தது. 1870 ஏப்ரலில் லண்டன் செய்தி 28 நிமிஷத்தில் கல்கத்தாவுக்கு எட்டியது. அந்தக் கம்பி நம்முடைய சௌகரியத்துக்காகப் போடப்பட்டதன்று; நம்மை ஆள்வதற்காகப் போடப்பட்டது. கற்ற கை இல்லாத தேசத்துக்குப் பிறர் கை போடும் கம்பி விலங்காகவும் ஆகும் என்பதை மறக்கலாகாது.

இனி நம் மாணவன் கேள்விக்கு வருவோம். அந்நாளைய மின்சார யந்திரங்களில் நிலைக் காந்தமே இருந்தது. அதிக மின்சாரத்துக்கு அதிகக் காந்தம் வேண்டும். யந்திரமோ பருத்துக்கொண்டே போகும், பலன் அந்த அளவுக்கு வராது. 1866-இல் ஸீமென்ஸ் கண்டது இது: நிலைக் காந்தமே வேண்டாம். கம்பி சுற்றிய சாதாரண இரும்பிலும், முன்பு மின்சாரம் பாய்ந்த வாசனையாகக் கொஞ்சம் காந்தசக்தி தங்கியிருக்கும். யந்திரத்தைச் சுழற்றினால் அதனால் துளி மின்சாரம் பிறக்கும். அதையே இரும்பைச் சுற்றிய கம்பியில் திருப்பிவிட்டால் காந்தம் வலுக்கும். வலுத்த காந்தம் மேலும் மின்சாரம் தரும். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இது புதிதல்ல. ஒரு கரண்டி உறைமோர் ஒரு குடம் பாலைத் தயிராக்குவதில்லையா? 1867 ஜனவரியில் பெர்லின் விஞ்ஞான சபையில் இது வெளியிடப்பட்டது. அதே சமயத்தில் இங்கிலாந்தில் வீட்ஸ்டனும் வார்லியும் தனித்தனியே இதே உண்மையைக் கண்டார்கள். ஆனால் கண்டதோடு நில்லாமல் ஸீமென்ஸ் 1879-இல் பெர்லின் கண்காட்சியில் மின்சார ரயிலையும், 1881-இல் லிக்டெர்பெல்டேயில் மின்சார டிராமையும் ஓட்டிக் காட்டினார். 1895-இல் சென்னையிலேயே டிராம் ஓடியது. 1953 வரை ஓடிற்று.

ஜெர்மனியில்தான் இப்படிப்பட்டவர்கள் பிறப்பார்கள் என்று பெருமூச்சு விட வேண்டாம். கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-இல் மின்சார மோட்டார் செய்தார்கள். இங்கேயும் இருவர் கூடியே செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். படித்தவன் திருகாணியைத் தொட்டால் கௌரவக் குறைவு, பட்டறைக்காரன் கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்கும் வரையில், ஸீமென்ஸும் ஹால்ஸ்கேயும் நம் நாட்டில் ஒரே தெருவில் குடியிருந்தாலும் சந்திக்கப் போவதில்லை.

ஸீமென்ஸ் 1892-இல் காலமானார். சர்வகலாசாலையில் படிக்க வசதியற்றிருந்த அவருக்குப் பெர்லின் சர்வகலாசாலை 1860-இலேயே கௌரவ டாக்டர் பட்டம் அளித்திருந்தது. பரீட்சையைத் தவிர வேறொன்றும் அறியாத உபாத்தியாயர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். நல்ல வேளையாக அவர்களில் ஒருவரும் அவர் பையை மூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அந்த டைனமோவை மறுபடியும் கொண்டுவரும்படி பையனிடம் சொல்லியிருக்கிறோம். சற்றுச் சந்தேகத்தோடுதான் தலையை ஆட்டினான். கொண்டுவந்தால், முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பிறகு அதைக் கழற்றிப் பார்ப்பதாக உத்தேசம். திருப்புளி நம்மிடம் இல்லை. அவன் தகப்பனாரையும் வகுப்புக்கு அழைத்திருக்கிறோம்.