பீரோவுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

மதுரையில் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு மூன்றே மூன்று வைத்தியம்தான். முதலாவது, 'ஃபார்மட் அடிச்சிருவோம்ணே!' இரண்டாவது, ராமைக் கழற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழிரப்பரால் அதன் பல்லைத் தேய்த்துத் திரும்ப மாட்டுவது. (சிரிக்காதீர்கள். படிந்த அழுக்குதான் வியாதி என்றால் இதிலேயே குணமாகிவிடும்.) மூன்றாவது, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, 'இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்லண்ணே, புதுசு எடுத்துருங்க!'

2025 அக்டோபர் 14-ஆம் தேதியிலிருந்து மூன்றாவது வைத்தியத்துக்கு ஏக கிராக்கி. அன்றைக்குத்தான் மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை நிறுத்தியது. விருப்பப்பட்டவர்களுக்கு, சில நிபந்தனைகளோடு, இன்னும் ஒரு வருஷம் கருணை. அதற்கப்புறம் விண்டோஸ் 11-க்குப் போக வேண்டும். அதற்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அதாவது 2017-க்கு முந்தைய சரக்கு செல்லாது. நம் ஊரில் பெண் பார்க்கப் போனால்கூட ஏழு தலைமுறையோடு விசாரணையை முடித்துக்கொள்வார்கள். விண்டோஸ் எட்டாவதையும் கேட்கிறது!

இதில் எனக்குள்ள வருத்தம் என்னவென்றால், ஒதுக்கப்படுகிற மெஷின்கள் செத்துப்போனவை இல்லை. நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பவை.

உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி பக்கம் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போங்கள். பட்டுப்புடவைக்கும் பத்திரத்துக்கும் நடுவே, பழைய துண்டில் சுற்றி ஒரு வஸ்து பீரோவில் படுத்திருக்கும். அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய திட்டம். லட்சக்கணக்கான பிளஸ் டூ, காலேஜ் பிள்ளைகள் கைக்குப் போனது. பல வீடுகளில் அந்தப் பரம்பரைக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர். 'எங்க பாப்பா மார்க் எடுத்து வாங்குனது' என்று அம்மாக்கள் இன்றைக்கும் அதைத் தூக்கிப்போட மாட்டார்கள். பாட்டரி போய்விட்டது, ஆன் ஆக அரை மணி நேரம் ஆகிறது, ஆனாலும் பீரோவில் ஓர் இடம் உண்டு.

அந்த லேப்டாப்புகள் பலவற்றில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்று விண்டோஸ். இன்னொன்றுக்குப் பெயர் 'பாஸ்'. ஆர்யாவும் சந்தானமும் நடித்த படம் ஒரு வருஷம் முன்னால் 2010-இல்தான் வந்திருந்தது; அதனால் பையன்கள் பெயரைப் பார்த்துச் சிரித்தார்களே தவிர, உள்ளே போய்ப் பார்க்கவில்லை. உண்மையில் அது 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். சென்னையில் உள்ள சி-டாக் ஆட்கள் தயாரித்து, 2007 முதல் வெளியிட்டு வரும் லினக்ஸ். தமிழ் தெரியும். வைரஸ் தொல்லை குறைவு. காசு கிடையாது. மாப்பிள்ளைக்கு இத்தனை லட்சணம் இருந்தும் ஏன் கல்யாணம் ஆகவில்லை? அறிமுகப்படுத்திவைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். கடைத் தம்பிகள் முதல் வேலையாக பாஸை அழித்துவிட்டு, 'இடம் காலியாயிருச்சுண்ணே' என்று நல்ல பெயர் வாங்கிக்கொண்டார்கள்.

லினக்ஸ் என்றதும், 'அதெல்லாம் இன்ஜினீயருங்க சமாச்சாரம் சார்' என்று ஒதுங்காதீர்கள். நான் பி.காம்.! 1991 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருப்பதாக நாலு பேருக்குத் தகவல் சொன்னார். பெரிதாக ஒன்றும் வராது என்றும் அடக்கமாகச் சொல்லிவைத்தார். இன்றைக்கு உங்கள் பால்காரர் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனின் அடிமடியில் இருப்பது அதுதான். உலகத்தின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில், 2017 நவம்பரிலிருந்து பட்டியல் முழுக்க லினக்ஸ்தான். பால்காரருக்கும் விஞ்ஞானிக்கும் ஒத்துவருகிறது; நமக்கு ஒத்துவராதா?

இந்தக் 'கட்டற்ற மென்பொருள்' சமாச்சாரத்துக்கு விதை போட்டது ஒரு பிரிண்டர் என்று சொன்னால் நம்புவீர்களா? 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு லேசர் பிரிண்டர் அடிக்கடி பேப்பரை மென்றுகொண்டிருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், 'புரோகிராமைக் கொடுங்கள், பேப்பர் சிக்கினால் தகவல் வருகிற மாதிரி நானே மாற்றிக்கொள்கிறேன்' என்றார். அதை வைத்திருந்தவர், வெளியே காட்ட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லி மறுத்துவிட்டார். அந்தக் கோபம் உள்ளேயே புகைந்து, 1983-இல் 'க்னூ' என்ற இயக்கமாக வெடித்தது. நம் ஆபீஸ்களில் பேப்பர் சிக்கினால் பிரிண்டர் தலையில் ஒரு தட்டுத் தட்டுவோம். ஸ்டால்மன் உலகத்தின் தலையில் தட்டினார்!

ஹார்டுவேர் விஷயத்தில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டருக்குக் காசு செலவழிப்பதென்றால் முதலில் எஸ்.எஸ்.டி. பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 சுற்றுச் சுற்ற, ஒரு முள் அங்கும் இங்கும் ஓடி ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தேடுகிற மாதிரி. எஸ்.எஸ்.டி.யில் சுற்றவும் ஓடவும் எதுவுமே இல்லை. கேட்டது கேட்ட உடனே வரும். அடுத்தது ராம். ஆரம்ப கால அரசாங்க லேப்டாப் என்றால் 2 ஜிபி இருக்கும், இன்னும் ஒன்று சேர்க்க இடமிருக்கிறதா பாருங்கள். மூன்றாவது நல்ல கீபோர்டு. டிவிஎஸ் கோல்டு கீபோர்டில் 'டக் டக்'கென்று தட்டிப் பழகிய டைப்பிஸ்ட் அண்ணன்களிடம் வேறொன்றைக் கொடுத்துப் பாருங்கள், செத்த தவளையைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொள்வார்கள். டிவிஎஸ் என்றால் 1911-இல் நம் மதுரையில் முளைத்த பெயராச்சே, ஊர்ப்பாசமும் சேர்த்தி. மற்றபடி, ஆயுத பூஜை அன்று சிபியு பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதில் ஆட்சேபணை இல்லை. ஃபேன் இருக்கிற பக்கமாக மட்டும் வேண்டாம், சாமி!

சரி, லினக்ஸ் போட்டால் எல்லாம் நடக்குமா? நடக்காது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். கடைக் கணக்கு டேலியில் இருக்கிறது என்றால், லினக்ஸில் நேரடியாக ஓடுகிற டேலி கிடையாது. க்னூகேஷ் இருக்கிறது, நம் நாட்டுக் கணக்கு முறைக்கென்றே க்னூகாத்தா என்று ஒன்று இருக்கிறது. ஆனால் உங்கள் ஆடிட்டர், 'டேலி டேட்டா கொண்டா தம்பி' என்றுதான் கேட்பார். அவரோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. டேலி கட்டாயம் என்றால் ஒரு விண்டோஸ் மெஷின் இருந்துவிட்டுப் போகட்டும்.

காதுகுத்துக்கும் கட்அவுட் வைக்கிற ஊர் இது. ஃப்ளெக்ஸ் அடிக்கிற தம்பிகள் பலர் காசு கொடுக்காமல் காப்பி போட்ட பழைய ஃபோட்டோஷாப்பில்தான் மாமன் தலையை வெட்டி சிங்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். இலவச ஜிம்ப்பிலும் அதே சிங்கத்தை ஒட்டலாம். பக்கம் வடிவமைக்க ஸ்கிரைபஸ் என்று ஒன்று. ரொம்ப நாளாக அதில் தமிழ் ஒழுங்காக வராது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஓமன் நாட்டு ஆட்கள் தங்கள் அரபி எழுத்துக்காக உட்கார்ந்து எழுதிய வேலை 2017 வாக்கில் அதில் சேர்ந்தது. அதோடு தமிழுக்கும் வழி பிறந்தது! மஸ்கட்டில் யாரோ வெட்டிய வாய்க்காலில் மதுரைக்குத் தண்ணீர். பூட்டிவைத்த சாஃப்ட்வேரில் இது நடக்காது.

பூட்டு என்றதும் இன்னொரு ஆத்திரம். டி.டி.பி. சென்டர்களில் இருபது, முப்பது வருஷமாக அடித்துவைத்த பத்திர நகல்கள், கோயில் வரலாறுகள், கவிதைத் தொகுப்புகள் எல்லாம் ஆளுக்கொரு ஃபான்ட்டில் கிடக்கின்றன. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், மந்திரவாதி எழுதிய தாயத்து மாதிரி இருக்கிறது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடுதான் என்று உத்தரவு போட்டது. பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றிக்கொடுக்கத் தன்னார்வலர்கள் எழுதிய இலவச மாற்றிகளும் இருக்கின்றன. ஆனால் மாற்ற யாருக்கு நேரம்? அந்தக் கடைக்காரர் கடையை மூடுகிற அன்றைக்கு, ஓர் ஊரின் ஞாபகமே அவரோடு போய்விடும்.

ஒன்று மட்டும் பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்ல வேண்டும். கணக்கில் இரட்டைப் பதிவு என்று ஒன்று உண்டு. ஓரிடத்தில் வரவு என்றால் இன்னோரிடத்தில் பற்று விழுந்தே தீரும். இலவச சாஃப்ட்வேர் நமக்கு வரவு. பற்று யார் கணக்கில்? 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே வந்தபோது உலகத்துக்கே பகீரென்றது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற சின்னப் பூட்டை நம்பித்தான் பேங்குகளும் பெரிய கம்பெனிகளும் வெப்சைட் நடத்திக்கொண்டிருந்தன. அந்தப் பூட்டைப் பராமரிக்கிறவர்களுக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2000 டாலர். முழுநேர ஆள் ஒருவரோ என்னவோ! அப்புறம்தான் பெரிய கம்பெனிகள் பர்ஸைத் திறந்தன. ஆகவே ஓசியில் எடுப்பவர்கள் பதிலுக்கு ஏதாவது செய்யலாம். காசுதான் என்றில்லை. நாலு வார்த்தை தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். தப்பு கண்டால் எழுதிப் போடலாம். 2012-இலிருந்து 'கணியம்' குழுவினர் லினக்ஸ் சமாச்சாரங்களை எளிய தமிழில் எழுதிப் போடுகிறார்களே, அந்த மாதிரி.

உங்கள் வீட்டு லேப்டாப்பை எடுங்கள். பாட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம், விவரம் தெரிந்த ஆளிடம் கொடுத்து முதலில் கழற்றிவிடுங்கள். உள்ளே இருக்கிற காலேஜ் போட்டோக்களை ஒரு பென்டிரைவில் பத்திரப்படுத்துங்கள். ஓர் எஸ்.எஸ்.டி. போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றச் சொல்லுங்கள். கடைத் தம்பி முகம் சுளித்தால் விட்டுவிடாதீர்கள். 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கம்ப்யூட்டர் புத்தகத்திலேயே உபுண்டு பாடமும் ஓபன்ஆபீஸ் பாடமும் இருக்கின்றன. தெருவில் அதைப் படித்த ஒரு பிள்ளை கண்டிப்பாக இருக்கும். கூப்பிட்டு ஒரு காப்பி கொடுங்கள். அரை நாளில் வேலை முடிந்துவிடும். அந்தப் பிள்ளைக்கும், பரீட்சைக்குப் படித்தது ஒன்றாவது வாழ்க்கையில் உதவியது என்று சந்தோஷமாக இருக்கும்!